ராத்திரியிலும் ஆறாத ஊர்: லூக் ஹோவர்டின் கதை

மே மாசம், ராத்திரி பத்து மணி. ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய், செருப்பைக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க. சூரியன் மறைஞ்சு மூணு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கும், ஆனா தரை இன்னும் சுடும். கீழே இறங்கி தார் ரோட்டுல நடந்தாலும் அதே கதைதான். ரோட்டோரப் புல்தரையில காலை வச்சா மட்டும் சில்லுனு இருக்கும். ரெண்டு தரையும் பகல் முழுக்க ஒரே வெயிலைத்தான் வாங்கியிருக்கு. அப்புறம் ஏன் ஒண்ணு ஆறிடுச்சு, இன்னொண்ணு ஆறல?

இந்தக் கேள்வியை ஒரு முழு நகரத்தை வைத்துக் கேட்டு, வருஷக்கணக்கில் அளந்து, விடையைப் புத்தகமாகப் போட்ட முதல் மனிதர் ஒரு சிவில் இன்ஜினியர் இல்லை, பேராசிரியரும் இல்லை. லண்டனில் மருந்து தயாரித்து விற்றவர். பெயர் லூக் ஹோவர்ட். கூகுளில் தேடினால் மேகங்களுக்குப் பெயர் வைத்தவர் என்றுதான் வரும். அதுவும் உண்மைதான். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அவருடைய இன்னொரு வேலையைப் பற்றி.

ஹோவர்ட் பிறந்தது 1772 நவம்பர் 28, லண்டனில். அப்பா தகர வியாபாரி, விளக்குகளும் தயாரித்தவர். குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. எளிமையான உடை, வெட்டிப் பேச்சு கூடாது, செய்கிற தொழிலில் நாணயம் வேண்டும் என்று வாழ்ந்தவர்கள். இங்கிலாந்தின் அரசுத் திருச்சபைக்கு வெளியே இருந்ததால் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அவர்களுக்குப் பட்டம் தராது. அதாவது ஹோவர்டுக்கு டிகிரி என்ற பேச்சுக்கே இடமில்லை. எட்டு வயதில் பர்ஃபோர்ட் என்ற ஊரில் இருந்த குவேக்கர் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே லத்தீனை மண்டைக்குள் திணித்தார்கள். கணக்கும் அறிவியலும் போதுமான அளவு கிடைக்கவில்லை என்ற வருத்தம் அவருக்குப் பிற்காலம் வரை இருந்தது.

பள்ளியில் இருந்தபோது 1783 வந்தது. ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை வெடித்தது, ஜப்பானில் அசாமா எரிமலையும் வெடித்தது. ஐரோப்பாவின் வானம் அந்தக் கோடை முழுக்க புகைமூட்டமாகவே கிடந்தது. ஆகஸ்ட் 18ஆம் தேதி இரவு ஒரு பெரிய எரிகல் பிரிட்டன் வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பத்து வயதுப் பையன் ஒருவன் வானத்தைப் பார்க்க ஆரம்பிக்க இதைவிட நல்ல வருஷம் அமையாது.

படிப்பு முடிந்ததும் ஸ்டாக்போர்ட் நகரில் ஒரு மருந்துக்கடையில் தொழில் கற்றுக்கொள்ளப் போனார். திரும்பி வந்து லண்டனில் சொந்தமாகக் கடை போட்டார். 1796இல் மரியபெல்லா எலியட்டைத் திருமணம் செய்தார். அதே காலத்தில் வில்லியம் ஆலன் என்ற இன்னொரு குவேக்கர் வேதியியலாளருடன் தொழிலில் கூட்டு சேர்ந்தார். ஆலன் நகரத்துக்குள்ளே, பிளவ் கோர்ட்டில் இருந்த கடையைப் பார்த்துக்கொண்டார். ஹோவர்ட் நகரத்துக்குக் கிழக்கே, எசெக்ஸ் பக்கம் பிளெய்ஸ்டோ என்ற கிராமத்தில் இருந்த ரசாயனத் தொழிற்கூடத்தைக் கவனித்தார். இந்த இடப் பிரிவினையை ஞாபகத்தில் வச்சுக்கோங்க. பின்னால் வரப்போகிற கதைக்கே அடித்தளம் இதுதான்.

(ஒரு சின்ன கிளைக்கதை. கூட்டு பிரிந்த பிறகு ஹோவர்ட் நடத்திய கம்பெனி குவினைன் தயாரிப்பில் பெரிய பெயர் எடுத்தது. அவருடைய மகன் ஜான் எலியட் ஹோவர்ட் சின்கோனா பட்டை ஆராய்ச்சியில் நிபுணர். நம்ம ஊட்டித் தோட்டங்களில் இருந்து போன பட்டைகளையும் அவர்தான் லண்டனில் சோதித்துப் பார்த்தார்.)

மேகக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆலன், ஹோவர்ட் போன்ற இளைஞர்கள் சேர்ந்து அஸ்கீசியன் சொசைட்டி என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். முறை வரும்போது ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். நம்ம டிபார்ட்மென்ட் அசோசியேஷனில் இந்த ரூலைப் போட்டால் எவ்வளவு கலெக்‌ஷன் ஆகும் என்று யோசித்துப் பாருங்க. 1802 டிசம்பரில் ஹோவர்டின் முறை வந்தது. மேகங்களுக்கு அடிப்படை வடிவங்கள் சிலதான் உண்டு, மற்றவை அவற்றின் கலப்பு என்று சொல்லி, சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ரேடஸ், நிம்பஸ் என்று லத்தீனில் பெயர் வைத்தார். பள்ளியில் வெறுத்த லத்தீன் கடைசியில் கைகொடுத்தது. அதே வருஷம் பிரான்சில் லாமார்க் பிரெஞ்சு மொழியில் வைத்த மேகப் பெயர்கள் எடுபடவில்லை. ஜெர்மன் கவிஞர் கோத்தே ஹோவர்டைப் புகழ்ந்து கவிதைகளே எழுதினார். ஒரு மாலை நேரப் பேச்சு, அவ்வளவுதான். உலகம் முழுக்கப் புகழ்.

அடுத்த வேலைக்கு இப்படி யாரும் கவிதை எழுதவில்லை. அதற்குப் பிடித்ததோ பத்து வருஷத்துக்கும் மேல்.

1806 நவம்பரில் ஹோவர்ட் பிளெய்ஸ்டோவில் ஒரு வானிலைப் பதிவேடு தொடங்கினார். வெப்பம், காற்றழுத்தம், காற்றின் திசை, மழை, ஆவியாதல் எல்லாம் தினமும் பதிவு. அவருக்கு உதவியது ஜேம்ஸ் சிக்ஸ் என்பவர் 1780களில் வடிவமைத்த ஒரு வெப்பமானி. U வடிவக் குழாய், உள்ளே பாதரசம், பாதரசம் தள்ளிவிடும் சின்னக் குறிமுள் இரண்டு. ஒரு நாளின் அதிகபட்ச வெப்பம் எது, குறைந்தபட்சம் எது என்பதை அந்த முட்கள் அப்படியே காட்டும். ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் காத்திருக்க வேண்டாம், காலையில் எழுந்து பார்த்தால் போதும். பகலில் தொழிற்சாலை நடத்துகிற ஒரு மனிதரால் நகரத்தின் இரவைப் பிடிக்க முடிந்தது இதனால்தான்.

1812 வாக்கில் வீட்டை டாட்டன்ஹாமுக்கு மாற்றினார். பதிவேடும் கூடவே போனது. டாட்டன்ஹாம் என்றதும் கால்பந்து ரசிகர்களுக்குக் காது விறைத்திருக்கும். ஆமா, அதே ஊர்தான். ஆனால் அப்போது அது வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு கிராமம்.

இன்னொரு பக்கம், லண்டனின் மையத்தில் சோமர்செட் ஹவுஸ் என்ற கட்டடத்தில் ராயல் சொசைட்டி இயங்கியது. அவர்களும் தினமும் வெப்பநிலையைக் குறித்து வெளியிட்டு வந்தார்கள். ஹோவர்ட் செய்தது இதுதான்: தன்னுடைய கிராமப்புற எண்களையும் சொசைட்டியின் நகர எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தார். ஒரு நாள் இல்லை, ஒரு மாசம் இல்லை, வருஷக்கணக்கில். இன்று ஒரு ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு ரெண்டு வாரம் சென்சார் வச்சாலே நமக்குப் பெருமூச்சு வருது. இவர் யாருடைய நிதியும் இல்லாமல், யாரும் கேட்காமலேயே செய்தார்.

லண்டனின் தட்பவெப்பம் என்ற அந்தப் புத்தகத்தின் முதல் தொகுதி 1818இல் வந்தது, இரண்டாவது 1820இல். திருத்தி விரித்த பதிப்பு 1833இல் மூன்று தொகுதிகளாக வந்தது. கண்டுபிடிப்பின் சாரம் இதுதான். கிராமப்புறத்தின் சராசரி வெப்பம் 48.50 டிகிரி ஃபாரன்ஹீட். நகரத்தின் நெரிசலான பகுதிகளில் 50.50. அதாவது நகரம் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடு.

இது பெரிய விஷயமா என்று தோன்றும். சராசரியை விட்டுவிட்டு, இரவையும் பகலையும் பிரித்துப் பாருங்க. இரவில் நகரம் கிராமத்தைவிட 3.70 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம், கிட்டத்தட்ட 2 டிகிரி செல்சியஸ். பகலிலோ நகரம் 0.34 டிகிரி குறைவு! பகலில் லண்டன் கொஞ்சம் குளிர்ச்சியாகவே இருந்திருக்கிறது. லட்சக்கணக்கான அடுப்புகளின் நிலக்கரிப் புகை கூரை போல் கவிந்து வெயிலை மறைத்ததுதான் காரணம் என்று ஹோவர்ட் நினைத்தார்.

அதாவது நகரம் தன்னைக் காட்டிக்கொள்வது மத்தியானத்தில் இல்லை, ராத்திரியில். உச்சி வெயில் எவ்வளவு என்று மட்டும் குறித்து வைத்திருந்தால், லண்டனுக்கும் கிராமத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். இன்றைக்கும் கோடையில் செய்திச் சேனல் போட்டால் அதிகபட்ச வெப்பம் மட்டும்தான் சிவப்பு எழுத்தில் ஓடும். குறைந்தபட்சம் எவ்வளவு என்று யாராவது கவலைப்பட்டுப் பார்த்திருக்கீங்களா?

சரி, ஏன்? இங்கேதான் ஹோவர்ட் வெறும் பதிவாளராக நிற்காமல் இன்னும் ஒரு படி போனார். முதல் காரணம் யாரும் சொல்லக்கூடியது: எரிபொருளும் மனிதக் கூட்டமும். 1801 கணக்கெடுப்பிலேயே லண்டனில் சுமார் 10 லட்சம் பேர். கண்ணாடியில் செய்த தேன்கூட்டின் மேல் கை வைத்துப் பார்த்தால், அத்தனை தேனீக்கள் ஒரே இடத்தில் இருப்பதாலேயே கூடு எவ்வளவு சூடாகிறது என்று தெரியும். நகரமும் அப்படித்தான் என்று விளக்கினார். ஆனால் குளிர்காலத்துக்கு அடுப்புகளைச் சொல்லலாம், கோடையில் கணப்பு ஏது? அதற்கு வேறு காரணம் தேடினார். மூன்று கிடைத்தது. செங்குத்தான சுவர்கள் வெயிலை வாங்கி, அந்தச் சூட்டை வானத்துக்கு அனுப்பாமல் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்கின்றன. கட்டடங்கள் கோடையின் மெல்லிய காற்றைத் தடுக்கின்றன. நகரத்தின் பரப்பில் ஆவியாவதற்கு ஈரம் இல்லை.

கதிர்வீச்சைப் பற்றிய ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு மருந்து வியாபாரி எழுதியது இது. இன்று நகர வானிலையியல் பாடப்புத்தகத்தைத் திறந்தால் காரணங்களின் பட்டியல் ஏறக்குறைய இதேதான். கனடாவின் டிம் ஓக் 1981இல் தெருவின் இருபுறக் கட்டட உயரத்தைத் தெரு அகலத்தால் வகுத்து, அந்த விகிதத்தில் இருந்தே நகரத்தின் அதிகபட்ச இரவுச் சூட்டைக் கணிக்க ஒரு சமன்பாடு கொடுத்தார். ஹோவர்டின் சுவர்கள்தான் அந்தச் சமன்பாட்டுக்குள்ளே நிற்கின்றன.

இப்போ நம்ம காலுக்குக் கீழே வருவோம். ஹோவர்ட் அதிகம் பேசியது சுவர்களைப் பற்றி. ஆனால் அவர் சொன்ன ஈரக் குறைவு நேராகத் தரையைப் பற்றியது. அவர் காலத்து லண்டன் தெருக்களில் கருங்கல் பாவியிருந்தார்கள். 1820களில் ஸ்காட்லாந்துக்காரர் மெக்காடமின் முறையில் சில தெருக்களுக்கு ஜல்லி அடித்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் மண்ணுக்குள் போகாமல் கல்லின் மேல் வழிந்து சாக்கடைக்குப் போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையில் 40 நிமிடம் விழுகிற மொத்த ஆற்றல் அது. புல்வெளியில் அந்த ஆற்றல் நீராவியோடு பறந்துவிடும். கல்லில் அதற்குப் போக்கிடம் இல்லை, உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும்.

தார்ச்சாலையை ஹோவர்ட் லண்டன் தெருவில் பார்த்து ஆராயவே வாய்ப்பில்லை. த்ரெட்னீடில் தெருவில் நிலக்கீல் போட்டது 1869இல், அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து. அதன் பிறகு நகரங்கள் கறுத்தன. புதிதாகப் போட்ட தார் ரோடு தன்மேல் விழும் வெயிலில் 5 முதல் 10 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். மீதி முழுக்க உள்ளே. கோடை மத்தியானத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். வயசாக ஆகத் தார் வெளுத்து, இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திருப்பி அனுப்பும். புது கான்கிரீட் 35 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், ஆனால் டயர் கறையும் தூசியும் படியப் படிய அது குறையும்.

அப்போ கான்கிரீட் போட்டுட்டா முடிஞ்சுதா? இல்லை. நிறம் பாதிக் கதைதான். மற்ற பாதி, வாங்கின சூட்டை ஒரு பொருள் எவ்வளவு ஆழத்துக்கு இறக்கிச் சேமித்து வைக்கிறது என்பது. வெப்பக் கடத்துதிறனையும் ஒரு கன மீட்டருக்கான வெப்பக் கொள்ளளவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஒரு எண் வரும். எஸ்.ஐ. அலகில் காய்ந்த மணலுக்கு அது சுமார் 600, தாருக்கு 1200, அடர்ந்த கான்கிரீட்டுக்கு 1800. எண் பெரிதாக இருந்தால் பகலில் மேற்பரப்பு மெதுவாகச் சூடாகும், ராத்திரியில் மெதுவாக ஆறும். கான்கிரீட் தாரைவிடக் குறைவாக வெயிலைக் குடித்தாலும், குடித்ததை ராத்திரிக்கென்று பத்திரமாக வச்சிருக்கும். மொட்டை மாடியில் உங்க பாதம் படித்துச் சொன்ன எண் இதுதான்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் 2020இல் இருந்து தார் ரோடுகளின் மேல் வெளிர்சாம்பல் பூச்சு அடித்துப் பார்த்தார்கள். அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி கூடவே அளந்தது. மத்தியானத்தில் ரோட்டின் மேற்பரப்பு சராசரியாக 10.5 முதல் 12 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் அந்த ரோட்டில் நிற்கிற மனிதரின் உடம்பில் படும் வெப்பம் மத்தியானத்தில் 5.5 டிகிரி கூடியது. தரை திருப்பி அனுப்பின வெயில் நடக்கிறவர் மேலேயே விழுந்தது, அவ்வளவுதான். சுவரும் சுவரும் சூட்டைக் கைமாற்றிக்கொள்கின்றன என்று ஹோவர்ட் சொன்னதோடு சேர்த்துப் படியுங்க. என் கருத்தைக் கேட்டால், வெறும் வெள்ளைப் பெயின்ட்டை விட நிழலும் ஈரம் உறிஞ்சும் தரையும்தான் முதலில் வேண்டும். பூச்சு அதற்கு அடுத்துதான்.

இந்த ராத்திரிச் சூடு வெறும் தூக்கம் கெடுகிற பிரச்சினை இல்லை. 2003 ஆகஸ்டில் பிரான்சில் வெப்ப அலை வந்தபோது சுமார் 15,000 பேர் வழக்கத்துக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். பாரிசில் இறந்த முதியவர்களின் வீட்டுப் பகுதிகளைச் செயற்கைக்கோள் எடுத்த தரை வெப்பத்தோடு ஒப்பிட்டவர்கள் கண்டது, ஆபத்து அதிகமாக இருந்தது இரவில் தரை ஆறாத இடங்களில் என்று. பகலில் அடிபட்ட உடம்பு ராத்திரியில்தான் மீள வேண்டும். அந்த ராத்திரியையே நகரம் கொடுக்கவில்லை.

ஹோவர்டின் மிச்ச வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1821இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நெப்போலியன் போர்களால் நொடிந்த ஜெர்மன் மக்களுக்கு நிவாரண நிதி திரட்ட உழைத்தார். அடிமை முறைக்கு எதிராக நின்றார். 1837இல் வந்த அவருடைய ஏழு வானிலைச் சொற்பொழிவுகள் அந்தத் துறையின் முதல் பாடநூலாகக் கருதப்படுகிறது. மத விவகாரத்தில் கருத்து மோதி, பிறந்ததில் இருந்து இருந்த குவேக்கர் சமூகத்தை விட்டு வெளியேறினார்.

அவர் சறுக்கிய இடமும் உண்டு. முதுமையில் நிலவின் நகர்வு வானிலையை ஆள்கிறது, 18 வருஷத்துக்கு ஒருமுறை பருவங்கள் திரும்புகின்றன என்று நம்பி, 1842இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். பிற்காலத் தரவுகள் அதை ஏற்கவில்லை. அதே பதிவேடுகள், அதே பொறுமைசாலி மனிதர்தான். நகரச் சூட்டில் எண்கள் அவரைக் காரணத்துக்கு இழுத்துப் போயின. நிலவு விஷயத்தில் அவர் எண்களைத் தன் காரணத்துக்கு இழுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. லேப் ரெக்கார்டில் ரீடிங்கை முன்னாடியே முடிவு பண்ணிட்டு எழுதுற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

1852இல் மனைவி இறந்தார். கடைசிக் காலத்தில் டாட்டன்ஹாமில் புரூஸ் குரோவ் தெருவில், 7ஆம் எண் வீட்டில் மகன் குடும்பத்தோடு இருந்தார். 1864 மார்ச் 21இல் காலமானார். வயது 91. அவர் கண்டுபிடித்த விஷயத்துக்கு நகர வெப்பத் தீவு என்ற பெயரை ஆங்கிலத்தில் பரப்பியவர் கார்டன் மான்லி, 1958இல். மேகங்களுக்கெல்லாம் பெயர் வைத்த மனிதர் இதற்கு மட்டும் பெயர் வைக்காமல் போய்விட்டார். 1965இல் டோனி சாண்ட்லர் லண்டனின் வெப்பத்தை மறுபடி விரிவாக ஆராய்ந்து, ஹோவர்டின் அதே தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார்.

பிளெய்ஸ்டோவும் டாட்டன்ஹாமும் இன்று லண்டனுக்குள் இருக்கின்றன. கிராமத்துக் குளிர்ச்சிக்கு அளவுகோலாக அவர் வெப்பமானி வைத்த இடங்களைச் சுற்றிலும் தாரும் கான்கிரீட்டும் செங்கல்லும்தான். புரூஸ் குரோவ் வீட்டின் சுவரில் 2002இல் ஒரு நீலப் பலகை பதித்தார்கள். மேகங்களுக்குப் பெயர் வைத்தவர் இங்கே வாழ்ந்து இறந்தார் என்று அதில் இருக்கிறது. சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பலகைக்குக் கீழே நடைபாதை, அதை ஒட்டித் தார் ரோடு.